ஸ்டாண்டப் நடக்கிறது, வேலை நகரவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலம் ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் எங்கள் அலுவலகம். மொத்தம் ஒன்பது பேர். வெள்ளிக் கொலுசுக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பில், இருப்பு, கூலிக் கணக்கு பார்க்கும் மென்பொருள் செய்கிறோம். அஜைல் முறைக்கு, அதாவது வேலையைச் சின்னத் துண்டுகளாக முடித்து அடிக்கடி வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் முறைக்கு, மாறி நான்கு வருடம் ஆகிறது. கீழே எழுதியிருக்கும் கோளாறு எல்லாமே எங்களுக்கு ஒருமுறையாவது வந்தவைதான். சில கோளாறுகள் மூன்று நான்கு முறைகூட வந்தன.

வேறு சின்ன நிறுவனங்களில் இருக்கும் நண்பர்கள் போன் செய்யும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான். "ஸ்டாண்டப் போடறோம், ஸ்ப்ரின்ட் போடறோம், ரெட்ரோவும் நடக்குது. ஆனா வேலை முன்ன மாதிரியேதான் இருக்கு." ஸ்டாண்டப் என்பது தினமும் நடக்கும் சின்னக் கூட்டம். ஸ்ப்ரின்ட் என்பது இன்னது முடிப்போம் என்று எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் இரண்டு வார வேலைச் சுற்று. ரெட்ரோ என்பது சுற்று முடிந்ததும் எது சரி, எது சரியில்லை என்று பேசும் கூட்டம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு இருக்கும் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேலை தாமதமானால் நமக்கு முதலில் வரும் கேள்வி, "யாரால லேட்டு?" என்பது. இந்த நான்கு வருடத்தில் அந்தக் கேள்வி எங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனதாக எனக்கு நினைவில்லை. "எந்த அட்டை, எங்கே, எத்தனை நாளா நிக்குது?" என்று கேட்டபோதெல்லாம் ஏதோ ஒன்று தெரியவந்தது. (ஒரு வேலைக்கு ஓர் அட்டை. அந்த வேலை எந்த நிலையில் இருக்கிறதோ, போர்டில் அந்தப் பத்தியில், அதாவது நெடுவரிசையில், அட்டை இருக்கும். வேலை நகர நகர அட்டை வலது பக்கம் போகும்.) கீழே வரும் எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

எதையும் தொடுவதற்கு முன்

இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் போர்டு ஜிரா போன்ற மென்பொருளில் இருந்தாலும் சரி, சுவரில் ஒட்டிய சீட்டுகளாக இருந்தாலும் சரி, ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு தேதி எழுதுங்கள். ஒன்று, வேலையைக் கையில் எடுத்த நாள். மற்றது, அது வாடிக்கையாளர் கைக்குப் போன நாள். நடுவில் யாரும் தொடாமல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள்.

நாங்கள் முதன்முதலில் இதைச் செய்தபோது 'பழைய வெள்ளி வரவு' என்று ஓர் அட்டை இருந்தது. வாடிக்கையாளர் பழைய கொலுசைக் கொடுத்துப் புதிது வாங்கினால் அந்த எடையைக் கழித்து பில் போட வேண்டும். இரண்டு நாள் வேலை. அட்டையில் 11 புள்ளி விழுந்தது. எண்ணிப் பார்த்தோம். கடைக்காரரிடம் கேட்ட ஒரு சந்தேகத்துக்குப் பதில் வராமல் 4 நாள். டெஸ்டிங் வரிசையில் 5 நாள். வெள்ளிக்கிழமை மட்டும்தான் வெளியிடுவோம் என்ற பழக்கத்தால் 2 நாள். கோடு (நிரல்) எழுதிய பையன் சொன்னபடி இரண்டே நாளில் முடித்திருந்தான். அதுவரை எல்லோருக்கும் வருத்தம் அவன் மேல்தான். புள்ளிகளை எண்ணி முடித்ததும் அவன் அந்த அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டான்.

புள்ளி வைக்கும் பழக்கம் வந்த பிறகு மற்றவற்றைப் பாருங்கள். அளவு எடுக்காமல் மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

அறிகுறி: ஸ்டாண்டப் முக்கால் மணி நேரம் ஓடுகிறது

நாளை காலை ஸ்டாண்டப்பில் ஒன்றைக் கவனியுங்கள். பேசுகிறவரின் கண் எங்கே இருக்கிறது? டீம் லீடைப் பார்த்துப் பேசினால் அது ஒப்புவித்தல் ஆகிவிட்டது. ஒவ்வொருவரும் தான் சும்மா இருக்கவில்லை என்று நிரூபிக்கப் பேசுவார்கள். நேற்றைய நாளை நிமிடம் நிமிடமாகச் சொல்வார்கள். நேரம் அங்கேதான் போகிறது.

'நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை' என்ற மூன்று கேள்விகளைப் பலரும் வேதம் போல வைத்திருக்கிறார்கள். அஜைல் வகைகளில் ஒன்றான ஸ்க்ரம் முறையை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த மூன்று கேள்விகளையே எடுத்துவிட்டார்கள். 15 நிமிடம் என்ற வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆட்களை வரிசையாகக் கேட்பதை விட்டு, அட்டைகளை வரிசையாகப் பாருங்கள். போர்டின் வலது கோடியிலிருந்து, அதாவது முடியப்போகும் வேலையிலிருந்து தொடங்கி இடது பக்கம் வாருங்கள். "இது முடிய இன்னைக்கு என்ன வேணும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டால் போதும். இருவர் மட்டும் பேச வேண்டிய விஷயம் கிளம்பினால், "அப்புறம் நீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லி அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். எங்களுக்கு இப்போது 12 நிமிடம் ஆகிறது.

நேரமும் முக்கியம். எங்களில் ஒருவர் ஓமலூரிலிருந்து, இன்னொருவர் ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். ஒன்பதரைக்கு ஸ்டாண்டப் வைத்திருந்தவரை தினமும் யாராவது பாதியில் வருவார்கள், முதலிலிருந்து திரும்பச் சொல்வோம். பத்தேகாலுக்கு மாற்றினோம். அந்தப் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

அறிகுறி: எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது, எதுவும் முடியவில்லை

மிகவும் பரவலான கோளாறு இதுதான், மிகவும் செலவு வைப்பதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'நடப்பில்' என்ற பத்தியில் எத்தனை அட்டை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆட்களின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் நோய் அதுதான். வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு சமன்பாடு இருக்கிறது. கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் சராசரியாக முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போக எத்தனை வாரம் ஆகும் என்று கிடைக்கும். எங்களிடம் அப்போது 24 அட்டைகள் திறந்திருந்தன. வாரம் 6 முடியும். ஆக ஓர் அட்டைக்கு 4 வாரம். அதே ஆட்கள், அதே 6. ஆனால் திறந்திருப்பது 12 மட்டும் என்றால் 2 வாரம். யாரும் வேகமாக டைப் அடிக்க வேண்டியதில்லை, ராத்திரி உட்கார வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்குக் காத்திருப்பு பாதியாகிவிடும்.

முதன்முறை இந்தக் கணக்கைப் பலகையில் போட்டபோது யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. வேலையைத் தள்ளிப்போட்டால் எப்படி வேலை சீக்கிரம் முடியும்? ஏற்காடு மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள் என்றேன். மே மாதம் கோடை விழா சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏறியிருக்கிறீர்களா? 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு நேரத்தில் இத்தனை வண்டிதான் திரும்ப முடியும். அடிவாரத்தில் எத்தனை வண்டியை உள்ளே விட்டாலும் மேலே போய்ச் சேரும் எண்ணிக்கை கூடாது. நடுவழியில் நிற்கிறவர்களின் எண்ணிக்கைதான் கூடும். சேலத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இனி செய்ய வேண்டியது. பத்தியின் தலையில் ஓர் எண் எழுதுங்கள். கோடு எழுதுகிறவர்கள் ஐந்து பேர் என்றால் 5 என்றே ஆரம்பிக்கலாம். அந்த எண் நிறைந்திருந்தால் புதிய அட்டையை யாரும் எடுக்கக் கூடாது. தன் வேலை முடிந்தவர், நிற்கும் வேலை எதையாவது நகர்த்த உதவ வேண்டும்: டெஸ்ட் செய்வது, இன்னொருவர் எழுதியதைப் படித்துப் பார்ப்பது, கடைக்குப் போன் போட்டுப் பதில் வாங்குவது.

முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். ஒருவர் அரை மணி நேரம் சும்மா இருப்பது போலத் தெரியும். அப்போது முதலாளிக்குப் பதற்றம் வரும், "வேற ஏதாவது எடுத்து ஆரம்பி" என்பார். அந்த இடத்தில் விட்டுக்கொடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, ஒரே ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். தேதி எழுதும் பழக்கத்தை முதலில் சொன்னது இதற்காகவும்தான். மாதக் கடைசியில் அவரிடம் காட்டக் கையில் அளவு இருக்கும்.

அறிகுறி: டெஸ்டிங்கில் குவிகிறது

ஸ்ப்ரின்ட்டின் முதல் எட்டு நாள் டெஸ்டருக்கு வேலை இல்லை. கடைசி இரண்டு நாளில் பத்து அட்டை ஒன்றாக வந்து விழுகிறது. அவர் ராத்திரி பத்து மணி வரை உட்காருகிறார். தப்புகள் தப்பித்துப் போகின்றன. அப்புறம் "டெஸ்டிங் சரியில்லை" என்று பேச்சு வருகிறது. இது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குத் தோன்றியதால்தான் இந்தக் கோளாறை நான் தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

விடை ஒரு பட்டறையில் கிடைத்தது. சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கூலிக் கணக்கு மென்பொருள் வைக்கப் போயிருந்தோம். ஒரு கொலுசு பல கை மாறித்தான் முடிகிறது. கம்பி இழுப்பது ஓரிடம், பற்றவைப்பது ஓரிடம், சலங்கை கோப்பது, மெருகு போடுவது என்று வேறு வேறு வீடுகளுக்குப் போகும். ஒவ்வொரு கை மாறும்போதும் எடை போட்டு எழுதுவார்கள். கொடுத்தது இத்தனை கிராம், வந்தது இத்தனை, சேதாரம் இத்தனை. அன்று மெருகு போடுகிறவரிடம் மூட்டை தேங்கியிருந்தது. பட்டறைக்காரர் கணக்கு நோட்டைப் பார்த்தார். பற்றவைக்கிறவரைக் கூப்பிட்டு, "ரெண்டு நாளைக்கு நிறுத்திக்கங்க, வெள்ளி அங்கபோய்ச் சும்மா கெடக்குது" என்றார். மெருகுக்காரரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேங்கிக் கிடக்கும் வெள்ளி அவர் போட்ட பணம். அது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. பாதியில் நிற்கும் மென்பொருளும் அப்படி முடங்கிய பணம்தான். ஆனால் அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

திரும்பி வந்ததும் 'டெஸ்டிங்' பத்திக்கு 3 என்று வரம்பு வைத்தோம். அது நிறைந்தால் கோடு எழுதுகிறவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு டெஸ்ட் செய்ய உட்கார வேண்டும். தான் எழுதியதைத் தானே பார்க்கக் கூடாது, மற்றவருடையதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது ஸ்ப்ரின்ட்டிலேயே ஒரு மாற்றம் தெரிந்தது. டெஸ்ட் செய்யும் சிரமத்தை ஒருமுறை பட்டவர்கள், அடுத்த அட்டையைச் சின்னதாகவும் தெளிவாகவும் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு சோதனை. ஐந்து பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "முடிஞ்சதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். எங்களுக்கு ஐந்து பதில் வந்தது. "என் கம்ப்யூட்டர்ல ஓடுது" என்பது ஒன்று. "மெர்ஜ் ஆயிடுச்சு" என்பது, அதாவது எல்லோருடைய கோடோடும் சேர்த்தாயிற்று என்பது, இன்னொன்று. ஒரே ஒருவர்தான் கடைக்காரர் பயன்படுத்துவதைச் சொன்னார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையின் 12 கொள்கைகளில் ஒன்று, ஓடுகிற மென்பொருள்தான் முன்னேற்றத்துக்கு முதன்மையான அளவுகோல் என்பது. ஆகவே 'முடிந்தது' என்பதற்கு ஆறு வரி எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஆறாவது வரி: 'குறைந்தது ஒரு கடையில் ஒரு நாள் ஓடியது.' அந்த வரி இல்லாமல் வலது பத்திக்கு எதுவும் போகாது.

அறிகுறி: ஸ்ப்ரின்ட் நடுவில் தினம் ஒரு அவசரம்

முதலில், இந்த அவசரங்கள் எந்தத் தேதியில் வருகின்றன என்று எழுதிவையுங்கள். மூன்று மாதம் எழுதினோம். மாதத்தின் 9, 10, 11 தேதிகளில் ஒரு குவியல், 18-லிருந்து 20 வரை இன்னொரு குவியல். பார்த்ததும் புரிந்தது. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் வணிகர்களுக்கு, விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ம் தேதி, வரி கட்டும் சுருக்கப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி கெடு 20-ம் தேதி. கடைக் கணக்கர்கள் அந்த நாட்களில்தான் அறிக்கை எடுக்கிறார்கள், அப்போதுதான் ஏதாவது ஒத்துவராமல் போன் போடுகிறார்கள். தேதி தெரிந்த பிறகு அதை அவசரம் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் ஒருவரை முழுதாக ஒதுக்கி வைத்தோம். ஏழாம் தேதியே கடைகளுக்குக் கூப்பிட்டு, அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொன்னோம். பாதி அழைப்புகள் அங்கேயே நின்றன.

மீதி உண்மையான அவசரங்களுக்கு:

ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை வைத்து முன்னால் நிற்கட்டும். போன் அவரிடம் மட்டுமே வரும். அந்த வாரம் அவருக்கு ஸ்ப்ரின்ட் வேலை கொடுக்காதீர்கள். மற்றவர்களின் கவனம் கலையாது.

அவசர அட்டைக்கு வேறு நிறம் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கலாம்.

அதைத் தாண்டி ஒன்று உள்ளே வந்தால், அதே அளவில் ஒன்று வெளியே போக வேண்டும். எது போகிறது என்பதைக் கேட்டவரே சொல்ல வேண்டும். "ஒண்ணு சேர்க்கறேங்க, எதை எடுக்கட்டும்?" என்று மரியாதையாகக் கேட்டாலே பல அவசரங்கள் அடுத்த வாரத்துக்குப் போய்விடும்.

அப்படியும் உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் இப்படியே போனால், இரண்டு வார ஸ்ப்ரின்ட் உங்களுக்குப் பொருந்தாத சட்டை. அதைக் கழற்றிவிட்டு கான்பான் முறைக்கு மாறுங்கள். திட்டமிடும் கூட்டம் கிடையாது. வரிசைப்படுத்திய ஒரே பட்டியல், பத்திக்கு வரம்பு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது. டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ வளர்த்த முறையிலிருந்து வந்தது அது. சப்போர்ட் வேலை அதிகமுள்ள குழுவுக்கு அதுதான் நிம்மதி. ஸ்க்ரமை விட்டால் தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

அறிகுறி: இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்

குடும்பம் நடத்தும் நிறுவனங்களில் இது சகஜம். காலையில் பெரியவர் வந்து, பழைய வாடிக்கையாளரின் குறையை முதலில் தீர் என்கிறார். மதியம் சின்னவர் வந்து, மொபைல் ஆப்பை முதலில் முடி என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். எழுதுகிறவர்கள் இரண்டையும் பாதி பாதி செய்வார்கள். யாருக்கும் தன் வேலை நடந்ததாகத் தெரியாது.

இங்கே எந்த வேலை முதலில் என்று முடிவு செய்யும் பிராடக்ட் ஓனர் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்ற ஸ்க்ரம் விதியைப் படித்துக் காட்டினால் வீட்டுக்குள் மனக்கசப்புதான் வரும். ஒரு மேசை, ஒரு வரிசை என்று ஆரம்பியுங்கள். திங்கள்கிழமை காலை இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, பத்து அட்டைகளை மேலிருந்து கீழாக அடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது, ஒன்றன்கீழ் ஒன்றுதான். அவர்களுக்குள் பேச்சு நடக்கட்டும். அந்த அரை மணி நேரம் நீங்கள் எதுவும் பேசாதீர்கள். எழுந்து போகும்போது எந்த வரிசை இருக்கிறதோ அதுதான் அந்த வாரத்து வரிசை.

அறிகுறி: எஸ்டிமேட் ஒருநாளும் பலிப்பதில்லை

ஸ்டோரி பாயின்ட்டை, அதாவது வேலையின் அளவுக்குக் குத்துமதிப்பாகக் கொடுக்கும் எண்ணை, யாராவது மணி நேரமாக மாற்றிப் பார்க்கிறார்களா? இரண்டு குழுக்களின் புள்ளிகளை ஒப்பிடுகிறார்களா? "போன ஸ்ப்ரின்ட் 30, இந்த முறை 35 வேணும்" என்கிறார்களா? இதில் ஒன்று இருந்தாலும் எண்கள் கெட்டுவிட்டன. 35 கேட்டால் 35 கிடைக்கும். நேற்று 3 என்று மதிப்பிட்ட வேலை இன்று 5 ஆகிவிடும், அவ்வளவுதான். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு அஜைல் முறையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவே எழுதியிருக்கிறார். ஸ்க்ரம் வழிகாட்டியும் 2011-ல் ஸ்ப்ரின்ட் வேலையைப் பற்றி 'உறுதிமொழி' என்று இருந்த இடத்தில் 'முன்கணிப்பு' என்று மாற்றியது. மழை வரும் என்று கணிப்பதும், வரவைக்கிறேன் என்று வாக்கு கொடுப்பதும் ஒன்றாகாது.

நாங்கள் ஸ்டோரி பாயின்ட்டை விட்டுவிட்டு அட்டைகளை எண்ணுகிறோம். அதற்கு அட்டைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் போகும் என்று தோன்றினால் வெட்டுவோம். வெட்டும் விதம்தான் இங்கே வித்தை. பட்டறைத் தொழிலாளர் கணக்கை முதலில் டேட்டாபேஸ், பிறகு சர்வர், கடைசியில் திரை என்று வெட்டினோம். மூன்றும் முடியும் வரை யாருக்கும் எதுவும் காட்ட முடியவில்லை. திரும்ப வெட்டினோம். ஒரு தொழிலாளிக்குக் கொடுத்த எடை, வந்த எடை மட்டும் பதிவது ஒன்று. சேதாரம் கழிப்பது அடுத்தது. கூலி கணக்கிடுவது அதற்கடுத்தது. பல தொழிலாளர்களுக்கு மாத அறிக்கை கடைசி. முதல் துண்டு முடிந்த அன்றே பட்டறைக்காரர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார். நான்காவது துண்டு தனக்கு வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார். அந்த நாட்கள் மிச்சம்.

எண் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், எல்லோரும் சீட்டில் எழுதி ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுங்கள். ஜேம்ஸ் கிரெனிங் 2002-ல் சொன்ன பிளானிங் போக்கர் முறை இது. சீனியர் அண்ணன் முதலில் "ரெண்டு நாள்" என்று சொல்லிவிட்டால், ஐந்து நாள் ஆகும் என்று நினைக்கும் புதுப் பெண் வாயைத் திறக்க மாட்டாள். பெரும்பாலும் அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அண்ணனுக்குத் தெரிந்திருக்காது.

அறிகுறி: ரெட்ரோவில் யாரும் வாய் திறப்பதில்லை

அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சம்பள உயர்வு முடிவு செய்கிறவர் இருந்தால் அவரை மூன்று முறைக்கு வெளியே இருக்கச் சொல்லுங்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ரெட்ரோவில் ஒருவர் சொன்ன தன் தவறு வருட மதிப்பீட்டில் எழுதப்பட்டு வந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒவ்வொரு ரெட்ரோவும் "எல்லாம் நல்லா போச்சு" என்று பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்த நம்பிக்கை திரும்ப வந்ததை நான் அங்கே இருந்தவரை பார்க்கவில்லை.

பெரியவர்கள் முன் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். "தைரியமா பேசு" என்று சொன்னால் வராது. எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கு இரண்டு சீட்டு. பெயர் வேண்டாம். சீட்டுகளைக் கலைத்து, வேறொருவர் படிக்கட்டும்.

எங்கள் முதல் சீட்டு ரெட்ரோ ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது. தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தோம், யாரும் தொடவில்லை. நாலாவது சீட்டைப் பிரித்துப் படித்தேன். சின்ன எழுத்தில், பென்சிலில்: 'டெஸ்ட் சர்வர் மூணு நாளா ஓடலை. யாரைக் கேக்கறதுன்னு தெரியலை. கேட்டா தெரியாதவன்னு நினைப்பாங்கன்னு கேக்கலை.' அறையில் சத்தமே இல்லை. அப்புறம் எங்கள் சீனியர் ஒருவர், "எனக்கும் அப்ப ஓடலைப்பா, நானும் கேக்கல" என்றார். அன்றைக்குத்தான் எங்கள் குழுவுக்கு ரெட்ரோ தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

வெளியே வரும்போது ஒரே ஒரு மாற்றம் கையில் இருக்க வேண்டும். ஒரு பெயர், ஒரு தேதி. அதையும் அட்டையாக எழுதி போர்டில் மற்ற வேலைகளோடு ஒட்டுங்கள். அன்று எழுதியது: 'சர்வர் நின்றால் யாரைக் கூப்பிட வேண்டும், மானிட்டர் மேல் ஒட்டு.' அடுத்த ரெட்ரோவில் முதல் பேச்சு, போன அட்டை என்ன ஆயிற்று என்பதாக இருக்கட்டும். அது நடந்திருந்தால்தான் அடுத்த முறை எழுதுவார்கள்.

அறிகுறி: ஒருவர் லீவு போட்டால் எல்லாம் நிற்கிறது

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் சர்வர் பார்க்கும் தம்பி இரண்டு நாள் லீவு எடுத்தார். பாஸ்வேர்டு அவரிடம் மட்டும் இருந்தது. கோயில் கூட்டத்தில் நின்றுகொண்டு போனில் சொன்னார். அவருக்கு அது நியாயமில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முக்கியமான வேலையையும் அதில் பழக்கமில்லாத ஒருவர் செய்ய, தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்தோம். வாரம் ஒரு வேலை. நாலு மாதம் ஆனது.

அறிகுறி: ஆள் சேர்த்தும் வேகம் கூடவில்லை

ஏற்கனவே தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் நிபுணர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே சொல்லிவிட்டார். இருவர் இருவராக எண்ணினால் ஒன்பது பேருக்குள் 36 பேச்சுத் தொடர்புகள், பன்னிரண்டு பேருக்குள் 66. புதியவர்களுக்குக் கற்றுத்தரும் நேரமும் பழையவர்களிடமிருந்துதான் போகிறது. ஆள் எடுப்பதானால் வேலை அமைதியாக இருக்கும் மாதத்தில் எடுங்கள். பத்துப் பேரைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

அறிகுறி: எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, வாடிக்கையாளர் மட்டும் பயன்படுத்தவில்லை

போர்டு சுத்தம், புள்ளிகள் குறைவு, டெமோவில் கடைக்காரர் "நல்லா இருக்குங்க" என்று தலையாட்டுகிறார். ஆனால் புதிய வசதியை யாரும் தொடுவதில்லை. இதற்கு போர்டில் விடை கிடைக்காது. டெமோவுக்கு அவர்களை உங்கள் அறைக்கு வரவழைப்பதை நிறுத்திவிட்டு, நீங்கள் அவர்கள் இடத்துக்குப் போங்கள். சேலத்தில் இருப்பதால் நமக்குள்ள பெரிய வசதி இது. எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் பைக்கில் போய்வரும் தூரத்தில் இருக்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடை. நாங்கள் இரண்டு ஸ்ப்ரின்ட் உழைத்துச் செய்த புதிய பில் திரை அங்கே இருந்தது. கல்லாவில் இருந்த அக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். எதையும் விளக்கவில்லை, கேட்கவும் இல்லை. வாடிக்கையாளர் கொலுசை எடுத்து நீட்டுவார். அக்கா தராசில் வைப்பார். எடை தெரிந்ததும், பக்கத்தில் இருந்த நீள நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் குறித்துக்கொள்வார். பேரம் நடக்கும். எல்லாம் முடிந்து பணம் வாங்கும்போதுதான் திரைப் பக்கம் திரும்பி, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக டைப் அடிப்பார்.

"நேரா இதுலயே போட்டா என்னக்கா?"

"இதுல மொதல்ல செல் நம்பர் கேக்குதே தம்பி. தராசுல வெச்ச உடனே நம்பர் கேட்டா, வாங்க வந்தவங்க யோசிக்க மாட்டாங்களா?"

எங்கள் திரையில் முதல் கட்டம் செல் நம்பர். அது இல்லாமல் எடைக் கட்டம் திறக்காது. அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தபோது அது எங்களுக்குச் சரியாகத்தான் தெரிந்தது. டெஸ்டிங்கிலும் ஒரு தப்பும் வரவில்லை. அன்று மதியமே அட்டை எழுதினோம்: எடை முதலில், செல் நம்பர் கடைசியில், கட்டாயம் இல்லை. அரை நாள் வேலை.

அடுத்த வாரம் போனபோது நீள நோட்டு தராசுக்கு அடியில் போயிருந்தது. அக்கா கொலுசைத் தராசில் வைத்த கையோடு திரையில் எடையை அடித்தார். செல் நம்பர் கட்டம்தான் பாதி பில்லில் காலியாக இருந்தது. அதற்கு ஓர் அட்டை எழுதிக்கொண்டு வந்தேன்.